விசாரணையில் உள்ள ஒரு பெயர்

"மொதல்ல மேல வந்து சேர்றவங்க பேரை எழுதட்டும்ப்பா. எழுதினதை..." என்று சேவியர் சார் சொன்னார். எழுதினதை என்ன செய்ய வேண்டும் என்றார் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துறையூர் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு இதோ இந்த டீக்கடை வாசலில் வந்து நின்றது. மீதிப் பேச்சு அந்தச் சத்தத்தில் போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள் மேடம். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிமிடம். எனக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். அழகேசா, ஒரு டீ. மேடத்துக்கு? குடித்தாகிவிட்டதா? இரண்டா? சரி.

நீங்கள் என்னை எங்கே முந்தினீர்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நாலாவது வளைவில் எனக்குப் பின்னால் இருந்தீர்கள். திரும்பிப் பார்த்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் காணோம். சைக்கிளில் முதல் மலையேற்றம், காலில் சதை பிடித்திருக்கும், திரும்பிப் போய்விட்டீர்கள் என்று நினைத்துக் கீழே நிற்கும் வேனுக்குப் போன்கூடச் செய்தேன். வந்து பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு லாரி போனது, அந்த நேரத்தில் போயிருப்பீர்கள். லாரி மறைத்திருக்கும். இருக்கட்டும்.

மற்றவர்கள் வந்து சேர இன்னும் கால் மணி நேரம் ஆகும். நீங்கள் ஓசூரிலிருந்து மாற்றலாகி வந்து, எங்கள் குழுவில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இங்கே நடந்ததை வேறு யாராவது வேறு மாதிரி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த நோட்டைத் தொங்கவிட்டது சேவியர் சார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர். ரிட்டயர் ஆன மறுவாரம் குழுவை ஆரம்பித்தார். வருடத்துக்கு ஒரு முறை, பொங்கல் கழிந்த ஞாயிறு, சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு சோபனபுரம் செக்போஸ்ட்டுக்கு வருவோம். அங்கிருந்து பதினாலு கிலோமீட்டர் மலை. மேலே வந்தவர்கள் இந்த ஆணியில் தொங்கும் நோட்டில் பெயரையும், அதோ அந்தச் சுவர்க் கடிகாரம் காட்டும் நேரத்தையும் எழுத வேண்டும். அந்த வருடத்துப் பக்கத்தில் முதல் பெயர் யாருடையதோ அவர்தான் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை எந்த ரோடு, எத்தனை மணிக்குக் கிளம்புவது, புதிதாக யாரைச் சேர்ப்பது, எல்லாம் அவர் சொல்வதுதான். ஓட்டு கிடையாது, கமிட்டி கிடையாது.

நான் டொராண்டோவில் பதினாறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். திரும்பிய வருடமே முதல் பெயர் என்னுடையது. அதிலிருந்து வரிசையாக ஐந்து வருடம். வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள். முன்பக்கங்களை மட்டும் பாருங்கள், போதும்.

என்னைத் தவறாக நினைத்துவிடாதீர்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டுவது எனக்குப் புதிதல்ல. டொராண்டோவில் பனிக்காலத்தில்கூட ஓட்டுவார்கள், நான் நின்று பார்த்திருக்கிறேன். நம் குழுவில் பெண்களைச் சேர்க்கலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். சேவியர் சார் என்ன கேட்டார் தெரியுமா? "வர்ற பொண்ணுங்களை யாருப்பா வேணாம்னு சொன்னது?" என்றார். பார்த்தீர்களா, அவருக்கு அந்த யோசனையே வந்ததில்லை. எனக்குத்தான் வந்தது.

அப்படிச் சேர்ந்தவர்தான் தமயந்தி. அந்தம்மா.

புதுக்கோட்டை ரோட்டில் ஒரு கிராமத்து அஞ்சலகத்தில் தபால் கொடுக்கிற வேலை. வயது என் வயதுதான், நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. பழைய கியர் சைக்கிள் ஒன்றை யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்தார். சுடிதார், துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் ஒரு முடிச்சு, கான்வாஸ் ஷூ. நாங்கள் ஜெர்சி கொடுத்தோம். கடையில் ஆண்கள் அளவுதான் அடித்திருந்தார்கள். "லூசா இருந்தா லேடீஸுக்கு நல்லதுதானே மேடம்" என்றேன், அக்கறையாகத்தான். அந்தம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத ஆட்களிடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

வாட்ஸப் குழுவில் காலையில் எல்லாரும் 'குட் மார்னிங் ஜென்ட்ஸ்' என்று போடுவோம். வருடக்கணக்கான பழக்கம், யாரும் யோசித்துப் போடுவதில்லை. அந்தம்மா தினமும் அதற்குக் கீழே, 'குட் மார்னிங். தமயந்தி' என்று போடுவார். தினமும். ஒரு நாள் தவறாமல். இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் என்னவோ இருக்கிறது.

பாதுகாப்புக்காக அந்தம்மா பின்னால் ஒருவரை வரச் சொல்லி ஏற்பாடு செய்தேன். பெண் என்றால் பின்னால் ஒரு ஆள் வேண்டும், ரோட்டில் நூறு பேர் இருப்பார்கள். பல் டாக்டர் ரொசாரியோவைப் போட்டேன். தங்கமான மனுஷன். முதல் வாரமே, முக்கொம்பு போகிற வழியில், எனக்கு அவரிடமிருந்து போன். "கேப்டன், அந்தம்மாவைக் காணோம்." நான் பதறிவிட்டேன். "எங்கே காணோம்? விழுந்துட்டாங்களா?" "இல்ல கேப்டன், முன்னாடி போயிட்டாங்க." முக்கொம்பில் போய்ப் பார்த்தால் அணை மதகுப் பக்கம் நின்று கடலைமிட்டாய் தின்றுகொண்டிருக்கிறார். டாக்டர் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கியதும், "உங்களுக்குப் பின்னாடி யாரு சார் பாதுகாப்பு?" என்று அந்தம்மா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் குறித்துக்கொண்டேன்.

அந்த ஜனவரி. இரண்டு வருடத்துக்கு முன்னால். சேவியர் சார் தவறிப்போய் நாலு மாதம். மலைக்குப் பெண்கள் வருவது அதுதான் முதல் தடவை. பின்தங்கிப் போய் மனம் நொந்துவிடக் கூடாது என்று நானே ஒரு விதி போட்டேன். பெண்கள் ஆறு மணிக்குக் கிளம்பலாம், நாங்கள் ஆறரைக்கு. பெண்கள் என்றால் அந்தம்மா ஒருவர்தான். "எனக்கு வேணாம் சார், சேர்ந்தே கிளம்பறேன்" என்றார். "இல்ல மேடம், விதின்னா விதி" என்றேன்.

நான் மேலே வந்தபோது மணி ஏழு ஐம்பத்தைந்து. எண்பத்தைந்து நிமிடம். எனக்கு நல்ல நேரம்தான். நோட்டை எடுத்தால் முதல் வரியில் உருண்டை உருண்டையான கையெழுத்து. தமயந்தி, ஏழு பன்னிரண்டு.

நான் ஆத்திரப்படவில்லை. கணக்குப் போட்டேன். நாற்பத்து மூன்று நிமிடம் முந்தி. அதில் அரை மணி நாங்கள் கொடுத்த சலுகை, கழித்தால் பதின்மூன்று. அப்புறம் சந்தேகம் வந்து கடிகாரத்தை என் போனோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் மெதுவாக ஓடுகிறது! அதையும் அந்தம்மா கணக்கில் கழித்தேன். பதினொன்று. எவ்வளவு கழித்தாலும் பதினொரு நிமிடம் மிச்சம் நிற்கிறது. நாற்பத்தேழு வயசு. சுடிதார். எப்படி?

கேட்டேன், நேராகவே கேட்டேன். "எப்படி மேடம் இவ்வளவு சீக்கிரம்?"

"மிதிச்சேன் சார்" என்றார்.

எப்படிப்பட்ட பதில் பாருங்கள். அப்புறம் நான் பார்த்துக்கொண்டே நிற்பதைப் பார்த்துவிட்டு, "அறிவொளி இயக்கம் வந்தப்ப எங்க ஊர்ல பொம்பளைங்க எல்லாரும் சைக்கிள் கத்துக்கிட்டோம் சார். எனக்குப் பதினாலு வயசு. அப்புறம் கல்குவாரி மேட்டுக்குத் தண்ணி கொண்டுபோற வேலை. கேரியர்ல ரெண்டு பக்கமும் ரெண்டு குடம். இப்ப முப்பது கிலோமீட்டர், தெனமும் தபால். இதுல குடம் இல்லையே சார், லேசாத்தான் இருந்துச்சு" என்றார்.

சரி, தண்ணீர் தூக்குவது, தபால் கொடுப்பது எல்லாம் வேலை. நான் மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளிங் என்பது வேறு மேடம். அதற்குப் பயிற்சி இருக்கிறது, இதயத்துடிப்பு அளவு இருக்கிறது, சாப்பாட்டு அட்டவணை இருக்கிறது. நான் மூன்று வருடம் ஒரு கோச்சிடம் ஆன்லைனில் படித்தவன். குடத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? எதையோ மறைக்கத்தான் இந்தக் கதை என்று தோன்றுமா, தோன்றாதா?

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்து அந்தம்மா கேட்ட கேள்விதான் என்னை உஷார்ப்படுத்தியது. "கேப்டன்னா ஞாயித்துக்கிழமை கிளம்பற நேரத்தை மாத்தலாம்தானே சார்?"

"எதுக்கு?"

"ஆறரைக்குக் கிளம்பி, டிபன் சாப்பிட்டு, பேசிட்டு வீடு திரும்பப் பத்து மணி ஆயிடுது. அஞ்சு மணிக்குக் கிளம்பினா ஏழரைக்கு வீட்ல இருக்கலாம். எங்க பக்கம் எட்டுப் பேர் இருக்காங்க சார். பால் சொசைட்டில ஒருத்தங்க, சத்துணவுல ரெண்டு பேரு, மத்தவங்க கம்பெனிக்குப் போறவங்க. எல்லாரும் தெனமும் சைக்கிள்தான். கேப்டன் சொன்னா சேத்துக்கலாம்னீங்கல்ல? அவங்ககிட்ட நான் சொல்லியே வெச்சிருக்கேன், இந்த வருசம் ஏறிடறேன்னு."

கவனித்தீர்களா? எட்டுப் பேர். நாங்கள் மொத்தமே பதினொன்று. கேட்டுப் பார்த்தேன், அந்த எட்டில் ஆறு பேரிடம் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். சொல்லியே வைத்திருக்கிறார். அப்படியென்றால் இது மலை ஏறுகிற விஷயமே இல்லை, முன்கூட்டியே போட்ட திட்டம். ஒரு வருடமாக 'குட் மார்னிங். தமயந்தி' என்று போட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்க ஆரம்பித்தது.

நான் பெயரை அடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை நான். அந்தப் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், 'விசாரணையில்' என்று மட்டும் எழுதினேன். இந்த அழகேசன் அப்போது டீ ஆற்றிக்கொண்டே சொன்னான், "எழுதினதை எவனும் தொடக்கூடாதுன்னு சேவியர் சார் சொல்வாரே, கேப்டன் சார்." பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போனது இவனுக்கு மட்டும் எப்படிக் கேட்டது? கேட்டிருக்கட்டும். நான் எழுதினதைத் தொடவில்லையே. பக்கத்தில்தானே எழுதினேன்.

விசாரணை என்று எழுதிவிட்டால் விசாரிக்க வேண்டும். நான் முறையாக நடக்கிறவன். முதலில் சைக்கிள். இப்போதெல்லாம் சைக்கிள் ஃபிரேம் குழாய்க்குள்ளேயே மோட்டார் வைக்கிறார்கள், வெளியே தெரியாது. "மேடம், குழு சார்பில் இலவச சர்வீஸ்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய், என் வீட்டு மாடியில் சீட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சீட்டுக்குக் கீழே ஒரு பையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், ஒரு ஸ்பானர், பழைய சேலைத் துண்டு, கடலைமிட்டாய். செயினுக்கு எண்ணெய்கூடப் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தவுடனேயே சொல்கிறார், "சீட்டு ஒரு நூலளவு கீழ எறங்கியிருக்கு சார். உள்ள பாக்கணும்னா சொல்லியிருக்கலாமே, நானே கழட்டிக் காட்டியிருப்பேன்." ஒரு நூலளவு! சாதாரண ஆளுக்கு அது தெரியுமா?

அடுத்து செக்போஸ்ட். அங்கே வண்டி நம்பர்தான் எழுதுகிறார்கள், சைக்கிளை எழுதுவதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு மினி லாரி மேலே போயிருக்கிறது, மரவள்ளிக்கிழங்கு ஏற்ற. டிரைவர் பெயர் பெரியண்ணன். கிடைத்துவிட்டான் சாட்சி என்று நினைத்தேன். சைக்கிளை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாதி மலை வந்திருந்தால், பதினொரு நிமிடத்துக்கு வேறு விளக்கமே தேவையில்லை. அவனைத் துறையூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்தேன். அதற்காக ஒரு நாள் லீவு போட்டேன்.

"அந்தக்காவா?" என்றான். "பாத்தேனே. பன்னண்டாவது வளைவு தாண்டி. 'ஏத்திக்கட்டுமாக்கா'ன்னு கேட்டேன். 'எறங்கும்போது வேணா கேக்கறேன் தம்பி'ன்னு சிரிச்சுக்கிட்டே போயிருச்சு. நீங்கதாங்க, மூணாவது வளைவுலேருந்து ஆறாவது வரைக்கும் பின்னாடிக் கொக்கியப் புடிச்சுக்கிட்டே வந்தீங்க. கண்ணாடில பாத்துட்டு, விழுந்து தொலைக்கப் போறாரேன்னு மெதுவா ஓட்டுனேன்."

நான் ஏன் இதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன் என்றால், என் மனதில் கள்ளம் இல்லை. கொக்கியைப் பிடிப்பது என்பது மலையில் எல்லாரும் செய்கிறதுதான். கையால் தொட்டுக்கொள்வது, மூச்சைச் சமன் செய்துகொள்ள. அது ஒரு டெக்னிக். லாரியில் ஏறுவது வேறு, லாரியைப் பிடிப்பது வேறு. நான் விசாரிக்கப் போனது அந்தம்மாவைப் பற்றி. என்னைப் பற்றி அவன் சொன்னது அந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது. சம்பந்தமில்லாததைக் குழுவில் சொல்லி எல்லாரையும் குழப்புவானேன்? சொல்லவில்லை. அந்தம்மாவைப் பற்றி அவன் சொன்னதையும் சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் கேட்பார்கள்.

அது மட்டுமில்லை. ஒரு டிரைவர், முன்பின் தெரியாத பெண்ணுக்கு வலியப் போய் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்வானா? அக்கா என்கிறான், தம்பி என்கிறார். தபால்காரர், நாலு ஊர் பழக்கம். அதையும் யோசித்தேன்.

பிப்ரவரியில் கூட்டம் போட்டோம், ரொசாரியோவின் கிளினிக்கில். அந்தம்மா வேலை முடிந்து தபால் பையோடு நேரே வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஆதாரம் போதவில்லை, விசாரணை தொடர்கிறது, அது முடிகிறவரை பழைய கேப்டனே தொடர்வதுதான் மரபு என்று. ரொசாரியோ, "அப்படி ஒரு மரபு இருக்கா என்ன?" என்றார். இப்போது ஆரம்பிக்கிறது என்றேன். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நோட்டுல என் பேரு இருக்கா, இல்லையா சார்?"

"இருக்கு மேடம். விசாரணையில் இருக்கு."

"அப்ப அந்த எட்டுப் பேருக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"அவங்களையும் விசாரணை முடியட்டும்னு சொல்லுங்க."

அந்தம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மறுநாள் காலை வாட்ஸப்பில், 'குட் மார்னிங் ஜென்ட்ஸ். கிளம்பறேன். தமயந்தி' என்று ஒரு வரி. அவ்வளவுதான், குழுவை விட்டுப் போய்விட்டார். தப்பு இல்லாதவர் எதற்கு மேடம் போக வேண்டும்? இருந்து நிரூபித்திருக்கலாமே. விசாரணைக்கு ஒத்துழைப்பே இல்லை. அதனால்தான் அது இன்னும் முடியாமல் இருக்கிறது.

ஆனால் இங்கே வருகிறார். அழகேசன்தான் சொன்னான். லீவு நாளில், சில நேரம் தனியாக, சில நேரம் இன்னும் நாலைந்து பெண்களோடு. கூடை வைத்த சைக்கிளில்கூட ஏறி வருகிறார்களாம், பாதி மிதித்து, பாதி தள்ளி. டீ குடிப்பார்களாம், சத்தமாகச் சிரிப்பார்களாம், இறங்கிப் போய்விடுவார்களாம். நோட்டைத் தொடுவதே இல்லையாம். எதற்கு வருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெயரும் எழுதாமல், நேரமும் எழுதாமல், ஒருத்தர் இந்த மலையை ஏறுவாரா? நான் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஏதோ இருக்கிறது.

ஏன் சிரிக்கிறீர்கள்?

இல்லை, சிரித்தீர்கள். பரவாயில்லை. அந்த வருடக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் அரை மணி சலுகைதான் என்று கண்டுபிடித்து அதை எடுத்துவிட்டேன். இப்போது ஆண், பெண் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறோம். சமத்துவம். இன்று காலை ஆறரைக்கு உங்களோடு சேர்த்துத்தானே எல்லாருக்கும் விசில் ஊதினேன். நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள்? ஏழு முப்பத்தொன்பதா? அழகேசா, அப்படியா? நீ பார்த்தாயா, இல்லை மேடம் சொன்னதைச் சொல்கிறாயா? இப்போது மணி எட்டு ஐந்து. நான் வந்து இறங்கியது ஏழு ஐம்பத்தாறு. பதினேழு நிமிடம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

என்ன அது? எனக்கா? வேண்டாம், நான் இனிப்பு சாப்பிடுவதில்லை. கடலைமிட்டாய்தானே? எங்கே வாங்கினீர்கள்? புதுக்கோட்டை ரோட்டிலா? உங்களுக்கு வீடு தில்லைநகர் என்றல்லவா சொன்னீர்கள்? அங்கே எதற்குப் போனீர்கள்? நான் சும்மாதான் கேட்கிறேன்.

எப்படியோ, அப்படி ஒரு சங்கடம் இன்னொரு பெண்ணுக்கு வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நீங்கள் குழுவில் சேர்ந்த மறுநாளே துறையூர் வந்து, கடைத்தெருவில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அட்டையில் 'மகளிர்' என்று என் கையாலேயே எழுதி, இங்கே கொண்டுவந்து அழகேசனிடம் கொடுத்தேன். பிஸ்கட் டின்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. கேப்டன் யார் என்பதற்கு ஆணியில் தொங்குகிற நோட்டுதான் கணக்கு.

அழகேசா, மேடத்துக்கு அந்த நோட்டை எடுத்துக் கொடு. பேனாவை இப்படித் தாருங்கள், இதில் நான் எழுதிக்கொள்கிறேன்.